பக்கத்தில் இருந்தவன் ஆமென் சொல்லவில்லை: கொரிந்து சபை, ஒரு நிகழ்வு ஆய்வு

அந்நியபாஷை (யாருக்கும் விளங்காத பாஷையில் ஜெபிப்பது), தீர்க்கதரிசனம், குணமாக்குதல் போன்ற ஆவியின் வரங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே சபையில் இரண்டு அணிகள் உருவாகிவிடும். ஒன்று ‘இன்றும் உண்டு’ அணி, இன்னொன்று ‘அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுபோயிற்று’ அணி. இரண்டுமே கையில் எடுப்பது, அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபமான 1 கொரிந்தியரின் 12, 13, 14 ஆகிய மூன்று அதிகாரங்களைத்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்வியை 13ஆம் அதிகாரம் ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். கொரிந்துவில் வரங்கள் இருந்தன. அவை போலி என்று பவுல் எங்கேயும் சொல்லவில்லை. அவருடைய புகார் ஒரே வசனத்துக்குள் அடங்கிவிடுகிறது: “நீ நன்றாய் ஸ்தோத்திரம்பண்ணுகிறாய், ஆகிலும் மற்றவன் பக்திவிருத்தியடையமாட்டானே” (14:17).

ஜெபம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் என்ன குறை? அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த ஊருக்குப் போகவேண்டும்.

புது ஊர், புதுப் பணம்

கொரிந்து என்றதும் பழம்பெரும் கிரேக்க நகரம்தான் மனதில் வரும். ஆனால் பவுல் கால் வைத்த கொரிந்துவுக்கு வயது நூறுக்குக் கொஞ்சம் கீழே. பழைய நகரத்தை ரோமப் படை கி.மு. 146இல் அழித்துப்போட்டது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதே இடத்தில் ரோமக் குடியேற்றம் ஒன்றை நிறுவினார். அங்கே வந்து குடியேறியவர்களில் பெரும்பங்கினர் விடுதலை பெற்ற அடிமைகள். மேற்கே லெக்கேயோன், கிழக்கே கெங்கிரேயா என்று இரண்டு பக்கமும் துறைமுகம். சரக்கு, மாலுமிகள், பல பாஷைகள், நல்ல வருமானம். தாத்தா பெயரைச் சொல்லிப் பெருமைப்பட வழியில்லாத ஊரில் பெருமையைச் சம்பாதித்துத்தான் ஆகவேண்டும்.

அதற்குச் சாட்சியாக ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஊரின் பொதுச்சதுக்கத்தில் பாபியு பிலீனு என்பவர் ஒரு வட்ட மண்டபம் எழுப்பினார். அதைத் தன் சொந்தச் செலவில் கட்டியதாகவும், நகர ஆட்சியாளர் என்ற முறையில் தானே அதற்கு ஒப்புதல் கொடுத்ததாகவும் பொறித்து வைத்திருக்கிறார். தகப்பன் பெயர் கல்வெட்டில் இல்லாததால், அவரும் அடிமையாக இருந்து மேலே வந்தவராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. தானே கட்டி, தானே சரி என்று சொல்லி, தானே பெயரும் வெட்டிக்கொள்வது. வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊரில் பவுல் ஒன்றரை வருடம் தங்கினார். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு கூடாரத் தொழில் செய்துகொண்டே சபையைத் தொடங்கினார். அப்போது கொரிந்து அடங்கிய அகாயா மாகாணத்தின் அதிபதியாக இருந்தவன் கல்லியோன். டெல்பியில் கிடைத்த கல்வெட்டு அவனுடைய பதவிக்காலத்தை ஏறக்குறைய கி.பி. 51–52 என்று காட்டுவதால், பவுலின் வாழ்க்கையிலேயே இவ்வளவு நெருக்கமாகத் தேதி சொல்லக்கூடிய நிகழ்வு வேறு இல்லை. அப்புறம் அவர் எபேசுவுக்குப் போனார். இரண்டு மூன்று வருடத்துக்குள் கொரிந்துவிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின.

செய்தி வந்த வழி

செய்தி மூன்று வழியாக வந்தது. குலோவேயாளின் வீட்டார் வாய்மொழியாகச் சொன்னார்கள்: சபைக்குள் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி, கிறிஸ்து கட்சி. சபையே ஒரு கடிதமும் எழுதியிருந்தது. ஸ்தேவான், பொர்த்துனாத்து, அகாயுக்கு என்ற மூவர் நேரிலும் வந்திருந்தார்கள். வரங்களைப் பற்றிய விஷயம் அந்தக் கடிதத்தில் இருந்திருக்கவேண்டும். கடிதத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது பவுல் எடுக்கும் “குறித்து” என்ற தொடக்கத்தோடுதான் 12ஆம் அதிகாரமும் ஆரம்பிக்கிறது.

அவர்கள் எழுதிய கடிதம் நம்மிடம் இல்லை. ஆனாலும் நடந்ததை ஊகிக்க ஒரு வழி உண்டு. சுவரில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதியிருந்தால் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 14ஆம் அதிகாரத்தின் ஒழுங்குகளை அப்படிப் படிக்கலாம். அந்நியபாஷை பேசுகிறவர்கள் “இரண்டுபேர், மிஞ்சினால் மூன்றுபேர்” என்றால் பத்துப் பேர் பேசினார்கள். “ஒவ்வொருவராய்” என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு ஏதாவது வெளிப்பட்டால் முதலில் பேசினவன் நிறுத்தவேண்டும் என்றால், அங்கே நிறுத்தத் தெரியாதவர்கள் இருந்தார்கள்.

கூடின இடத்தையும் கற்பனை செய்து பாருங்கள். அப்போது ஆலயக் கட்டடம் கிடையாது. சபை முழுவதையும் உபசரித்தவர் என்று ரோமர் 16:23 காயுவைச் சொல்கிறது, ஆகவே வசதியான ஒருவரின் வீடு. ரோம வீட்டின் சாப்பாட்டு அறையில் சாய்ந்து உட்கார வழக்கமாக ஒன்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில். மொத்தம் 40, 50 பேர் இருக்கலாம் என்று ஒரு கணிப்பு உண்டு. வீடு அல்ல, பட்டறைகளிலும் கடை மாடிகளிலும் கூடியிருப்பார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் நெருக்கடியான இடம். அதே இடத்தில்தான் திருவிருந்தின்போது ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறியாயிருந்தான் (11:21). சாப்பாட்டு அறையில் இருந்தவனுக்கும் முற்றத்தில் நின்றவனுக்கும் இடையே இருந்த இடைவெளி, ஜெபம் தொடங்கியதும் மறைந்துவிடுமா என்ன? சாப்பாட்டில் நடந்ததுதான் வரங்களிலும் நடந்தது என்பது என் கணிப்பு. முந்திக்கொண்டவன் சாப்பிட்டான், முந்திக்கொண்டவன் பேசினான்.

மூன்று சொற்கள்

பவுல் முதலில் கைவைப்பது சொல்லில். 12:1இல் வருவது ‘ப்னியூமாத்திகா’, ஆவிக்குரியவை என்று பொருள். அது கொரிந்தியர் விரும்பிப் பயன்படுத்திய சொல்லாக இருக்கவேண்டும். மூன்று வசனம் தாண்டியதும் பவுல் அதை மெல்ல நகர்த்திவிட்டு ‘காரிஸ்மா’ என்ற சொல்லை வைக்கிறார். ‘காரிஸ்’ என்றால் கிருபை, ஆகவே கிருபையாய்க் கிடைத்தது. முதல் சொல் ‘நான் ஆவிக்குரியவன்’ என்று நெஞ்சை நிமிர்த்த இடம் கொடுக்கிறது. இரண்டாவது சொல்லை வைத்துக்கொண்டு நிமிர முடியாது, கொடுத்தவர் வேறு.

தமிழில் இரண்டுமே ‘வரம்’ ஆகிவிட்டன. நம் காதில் வரம் என்றால் தவத்துக்குக் கிடைக்கும் கூலி. ஒற்றைக்காலில் நின்றவனுக்குக் கிடைப்பது. நாற்பது நாள் உபவாசம் இருந்து வரம் ‘வாங்கினேன்’ என்று மேடையில் சாட்சி சொல்வதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் கதைகளிலேயே வரம் வாங்கி அதனால் அழிந்தவனும் உண்டு. யார் தலையில் கை வைத்தாலும் சாம்பல் என்று வரம் பெற்ற பஸ்மாசுரன் கடைசியில் வைத்தது தன் தலையில்.

இரண்டாவது, பிரயோஜனம். இது இன்னும் சிக்கல். 12:7ஐ நம் பழைய மொழிபெயர்ப்பு இப்படிச் சொல்கிறது: “ஆவியினுடைய அநுக்கிரகம் அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று அவனவனுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.” மூலத்தில் ‘அவனவனுடைய’ என்ற சொல் பிரயோஜனத்தோடு ஒட்டி வரவில்லை. ‘நன்மைக்காக’ என்றுதான் இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே வேரில் ‘ஒன்றாய்க் கொண்டுவருதல்’ என்ற பொருள் உண்டு. அடுத்தடுத்த வசனங்கள் சரீரத்தைப் பற்றிப் பேசுவதால் அது எல்லாருக்குமான நன்மை என்பதில் சந்தேகமில்லை. திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘பொது நன்மைக்காகவே’ என்று சரியாகப் போட்டிருக்கிறது. முழு வாதத்தையும் தாங்கி நிற்கிற வசனம் இது. பழைய பைபிளை மட்டும் வாசித்து வளர்ந்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் திரும்பிக் கேட்டிருக்கிறது. நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான்.

மூன்றாவது, பக்திவிருத்தி. இந்தச் சொல்லைக் கேட்டால் மனதுக்குள் ஏதோ உருகுவதும், கண்ணில் நீர் நிற்பதும்தான் தோன்றும். பவுல் எழுதியது ‘ஓய்கொதொமே’, வீடு கட்டுதல். அஸ்திபாரம், சுவர், கூரை என்று சுத்தமான கொத்தனார் பாஷை. 3ஆம் அதிகாரத்தில் தன்னைச் சிற்பாசாரி என்று சொல்லிக்கொண்டவரும் அவர்தான். 14ஆம் அதிகாரத்தில் மட்டும் இந்தச் சொல் ஏழு முறை வருகிறது. அந்நியபாஷையில் பேசுகிறவன் “தனக்கே பக்திவிருத்தி உண்டாக” பேசுகிறான் என்று வாசித்தால், நல்லதுதானே என்று தோன்றும். ‘தனக்கு மட்டும் கட்டிக்கொள்கிறான்’ என்று வாசித்தால் பாபியுவின் மண்டபம் கண்முன் வந்து நிற்கிறது. எல்லோரும் சேர்ந்து வாழவேண்டிய வீட்டில் ஒருவன் தன் அறைக்கு மட்டும் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்தத் தனி அறையைப் பவுல் இடிக்கச் சொல்லவில்லை. உங்கள் எல்லாரையும்விட நான் அதிகமாகப் பாஷைகளைப் பேசுகிறேன் என்று தன்னைப் பற்றியே சொல்கிறார் (14:18). ஆனால் சபையிலே என்று வந்துவிட்டால், பதினாயிரம் வார்த்தைகளைவிட மற்றவர்களுக்கு விளங்குகிற ஐந்து வார்த்தை போதும்.

கண்ணும் கையும்

சரீர உவமையைப் பவுல்தான் கண்டுபிடித்தார் என்று நினைக்கவேண்டாம். ரோமர்களுக்கு அது பழைய கதை. ஏழை மக்கள் நகரைவிட்டு வெளியேறியபோது மெனேனியு அகிரிப்பா என்ற பிரபு, வயிற்றுக்கு எதிராகக் கையும் வாயும் வேலைநிறுத்தம் செய்த கதையைச் சொல்லி அவர்களைத் திரும்ப அழைத்துவந்தான் என்று லீவியின் வரலாறு சொல்கிறது. அதன் நீதி வெளிப்படை: வயிறு சும்மா தின்பதுபோல் தெரியும், ஆனாலும் நீங்கள் உழைத்துக்கொண்டிருங்கள்.

பவுல் அதே கதையைத் தலைகீழாகத் திருப்புகிறார். அவர் கடிந்துகொள்வது காலையோ கையையோ அல்ல. ‘நீ எனக்கு வேண்டியதில்லை’ என்று கையைப் பார்த்துச் சொல்கிற கண்ணை. பலவீனமாகத் தெரிகிற உறுப்புகளே மிகவும் வேண்டியவை, கனவீனமாகத் தெரிகிறவற்றுக்கே அதிக கனம் (12:22–24). கால், ‘நான் கையல்லவே’ என்று வருத்தப்படும் இடத்தில் அவர் குரல் மென்மையாகிவிடுகிறது. முற்றத்தில் நின்றவர்களிடம் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

கொரிந்துவில் இருந்த, குணமாக்கும் தெய்வமான அஸ்கிலேப்பியுவின் கோயிலில் சுடுமண்ணால் செய்த கை, கால், காது, கண் எல்லாம் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. குணமானவர்கள் காணிக்கையாகப் போட்டவை. வேளாங்கண்ணியில் வெள்ளியில் வாங்கிப் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாய்க் கிடந்த அந்த உறுப்புகளைப் பார்த்துத்தான் பவுலுக்கு உவமை தோன்றியது என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவை ரோமர் வருவதற்கு முந்தைய காலத்தவை. பவுல் காலத்தில் பெரும்பாலும் மண்ணுக்குள் இருந்திருக்கும்.

அந்தப் பகுதியின் வரிசைகளையும் ஒருமுறை பார்க்கவேண்டும். அந்நியபாஷை எப்போதும் கடைசியில். 12:28இல் குணமாக்கும் வரத்துக்கும் பாஷைகளுக்கும் நடுவே உதவி செய்வதும் நிர்வாகமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நிர்வாகத்துக்கு அவர் போடும் சொல் கப்பலின் சுக்கான் பிடிப்பதிலிருந்து வந்தது, துறைமுக ஊருக்கு ஏற்ற சொல். பாய் விரிக்கிறவனும் கணக்கு எழுதுகிறவனும் ஆவியின் வரம் உள்ளவர்கள் பட்டியலில் இருப்பது கொரிந்துவின் நட்சத்திரங்களுக்கு உறுத்தியிருக்கும்.

13ஆம் அதிகாரம் கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்டது, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அது இந்த வழக்கின் நடுப்பக்கம். அன்பில்லாத பாஷை “சத்தமிடுகிற வெண்கலம்” என்கிறார். கொரிந்து வெண்கலம் ரோமப் பேரரசு முழுக்கப் பேர்போனது. உங்கள் ஊர்ச் சரக்குதான், சத்தம் மட்டும் வரும் என்று சொல்லாமல் சொல்கிறார்.

ஆமென் சொல்லவேண்டியவன்

தீர்வின் மையத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். 14:16இல் வரும் “கல்லாதவன்”. ‘இதியோத்தேஸ்’ என்ற அந்தச் சொல்லுக்கு விஷயம் அறியாத சாதாரண ஆள் என்று பொருள். “கல்லாதவனுடைய இடத்தில் இருக்கிறவன்” என்பது மூலத்தின் அமைப்பு. அவன் உன் ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்லுவான்? அவனுக்கு வரம் இல்லை, பேச்சு இல்லை. அவன் சபையில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, பிறர் ஜெபத்தைத் தன் ஜெபமாக்கி ஆமென் என்பது. அதையும் நீ பிடுங்கிவிட்டாய்.

இந்த வசனம் வரும்போதெல்லாம் என் பாட்டி ஞாபகம்தான். எங்கள் ஊர்ப்பக்கத்து உபவாசக் கூட்டங்களில் மேடையில் மூன்று மைக் ஒரே நேரத்தில் முழங்கும். பாட்டி என் பக்கம் குனிந்து, “என்னலே சொல்லுதாரு?” என்பார். எனக்கும் தெரியாது. கூட்டம் ஆமென் சொல்லி ஒரு நொடி கழித்து அவரும் ஒரு ஆமென் போடுவார், பஸ்ஸைத் தவறவிட்டவர் கையசைப்பதுபோல.

பாட்டியை மனதில் வைத்துக்கொண்டு பவுலின் ஒழுங்குகளைப் படித்தால் அவை எவ்வளவு சிக்கனமானவை என்று தெரியும். அந்நியபாஷை இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று. ஒவ்வொருவராக. அர்த்தம் சொல்ல ஆள் இல்லையா, சபையில் பேசாதே, உனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள். தீர்க்கதரிசனமும் இரண்டு அல்லது மூன்று, மற்றவர்கள் நிதானிக்கட்டும். இடையில் இன்னொருவனுக்கு வெளிப்பட்டால் முதலாமவன் நிறுத்தவேண்டும். ‘ஆவி ஏவும்போது என்னால் அடக்கமுடியவில்லை’ என்ற சாக்குக்கும் பதில் தயார்: தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன (14:32). பக்கத்து டெல்பியில் குறிசொல்கிறவள் தன்வசம் இழந்துதான் பேசுவாள் என்று நம்பப்பட்ட நாட்டில் இது துணிச்சலான வாக்கியம். தன்னை மறந்தால்தான் தெய்வம் பேசும் என்பதை அவர் ஏற்கவில்லை.

கவனித்தால், எந்த ஒழுங்கும் வரம் உண்மையா பொய்யா என்பதை அளக்கவில்லை. கேட்கிறவனுக்கு என்ன ஆயிற்று என்பதையே அளக்கிறது. மேடையில் இருப்பவரை வாயடைக்க இதை ஆயுதமாக எடுக்க நினைப்பவர்களுக்கும் 14:39 குறுக்கே நிற்கிறது: அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்குத் தடை பண்ணாதிருங்கள்.

இந்த அதிகாரத்தில் எனக்கு இடிக்கிற இடங்களும் உண்டு. பெண்கள் சபையில் பேசாமலிருக்கவேண்டும் என்ற 14:34–35, பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் 11:5 இயல்பாக எடுத்துக்கொள்வதோடு மோதுகிறது. மேற்கத்திய மரபைச் சேர்ந்த சில கையெழுத்துப் பிரதிகளில் இந்த வசனங்கள் அதிகாரத்தின் கடைசியில் வருகின்றன. பிற்காலத்தில் ஓரத்தில் எழுதப்பட்டது உள்ளே நுழைந்தது என்று சில அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் சாய்கிறவன், ஆனால் வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அதற்குப் பின்

நான்காம் நூற்றாண்டின் கடைசியில் பேர்போன பிரசங்கியான கிறிசோஸ்தோமு இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது, இது மிகவும் இருண்ட பகுதி, இங்கே சொல்லப்படுகிறவை இப்போது நடப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆனால் கோப்பு மூடியே இருக்கவில்லை. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் எழுந்த எழுப்புதலைப் பலரும் அறிவார்கள். அதற்கு 46 வருடம் முன்பே, 1860இல், தமிழ் ஊழியரான அருளப்பன் நடத்திவந்த கிறிஸ்தியான்பேட்டையிலும் திருநெல்வேலிப் பகுதியிலும் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டதாகக் குறிப்புகள் உள்ளன. வெள்ளைக்கார மிஷனெரிகள் உதவி இல்லாமலே தமிழ்க் கிறிஸ்தவர்கள் நடுவில் எழுந்த அசைவு அது. அன்றும் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் சத்தத்தைக் கண்டு பயந்தார்கள்.

கொரிந்துவில் என்ன ஆயிற்று? கடிதம் உடனே வேலை செய்தது என்று சொல்ல முடியாது. 2 கொரிந்தியரில் பவுலுக்கும் சபைக்கும் நடுவே கசப்பு கூடித்தான் இருக்கிறது. ஆனால் அதில் அந்நியபாஷையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரச்சினை தீர்ந்ததா, பெரிய பிரச்சினையில் மறைந்ததா, இரண்டுக்கும் இடமிருக்கிறது.

ஏறக்குறைய கி.பி. 96இல் ரோமாபுரி சபை கொரிந்துவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. கிளமெந்து எழுதியதாக அறியப்படுவது. இந்த முறை மூப்பர்களையே பதவியிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். கிளமெந்து பெரிதாகப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. காலில்லாமல் தலை ஒன்றுமில்லை, தலையில்லாமல் காலும் ஒன்றுமில்லை என்றார். அவனவன் பெற்ற வரத்துக்குத் தக்கபடி அடுத்தவனுக்கு அடங்கியிருக்கட்டும் என்றார். பவுல் அப்போஸ்தலர் உங்களுக்கு எழுதின நிருபத்தைக் கையில் எடுங்கள் என்றார். ஆகவே நாற்பது வருடம் கழித்தும் அந்த நிருபம் அவர்கள் பெட்டியில் இருந்திருக்கிறது.

கி.பி. 170 வாக்கில் கொரிந்துவின் கண்காணியாக இருந்த தியோனீசியு ரோமாபுரிக்கு ஒரு பதில் எழுதினார். அதன் சில வரிகளைச் சபை வரலாறு எழுதிய எயுசேபியு பாதுகாத்திருக்கிறார். உங்கள் கடிதத்தை இன்று கர்த்தருடைய நாளில் வாசித்தோம், முன்பு கிளமெந்து எழுதினதை வாசித்துவருவதுபோல இதையும் எப்போதும் வாசிப்போம் என்கிறார். ஒருவர் எழுந்து வாசித்திருக்கிறார், எல்லோருக்கும் தெரிந்த கிரேக்கத்தில், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.